நடுக் கட்டம்

அந்தத் தொலைநோக்கி வழியாக யாரும் எதையும் பார்க்க முடியாது என்பதை வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் புரியவைப்பதற்குள் பல்லுக்காரருக்கு வாயில் நுரை தள்ளிவிடும். மொட்டை மாடிக்கு ஏறியதும் ஒவ்வொருவரும் நேராகக் குழாயின் பின்பக்கம் போய்க் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அங்கே ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்துவிடச் சொல்வார்கள். திறந்தாலும் ஒன்றும் தெரியாது, கேமரா முன்பக்கம், குழாயின் வாய்க்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று இவர் காட்டுவார். "அப்ப நாம எங்கதான் பாக்கறது?" என்று கேட்பார்கள். நாம் எங்கேயும் பார்க்க வேண்டாம், கேமரா பார்த்துக்கொள்ளும் என்பார். அதற்குப் பிறகு வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

செய்தவர்கள் அதை அப்படிச் செய்யவில்லை. எட்டு அங்குல வாய் கொண்ட, குட்டையான, கொழுத்த குழாய் அது. உள்ளே நுழையும் வெளிச்சம் அடியிலுள்ள பெரிய கண்ணாடியில் பட்டு மேலே திரும்பும். முன்பக்கம் நடுவில் பொருத்தியிருக்கும் உள்ளங்கை அளவுச் சின்னக் கண்ணாடியில் பட்டு மறுபடி கீழே இறங்கும். பெரிய கண்ணாடியின் நடுவிலுள்ள துளை வழியாக நம் கண்ணுக்கு வந்து சேரும். பல்லுக்காரர் அந்தச் சின்னக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு லென்ஸ் அடுக்கையும் அதன் தலையில் கேமராவையும் மாட்டினார். வெளிச்சத்துக்குப் பாதி அலைச்சல் மிச்சமாயிற்று. முன்பு இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து பிடித்த வெளிச்சம் இப்போது ஒரே நிமிடத்தில் வந்து விழுந்தது. முன்பு ஒரு நிலாவே இடித்துக்கொண்டு நின்ற படத்தில் இப்போது ஆறு முழுநிலாவை வரிசையாக நிறுத்தலாம்.

ஆனால் கேமரா துளிகூடச் சாயாமல் உட்கார வேண்டும். சாய்ந்தால் படத்தின் ஒரு மூலையில் நட்சத்திரங்களுக்கு வால் முளைத்துவிடும். இந்த விஷயத்தில் பல்லுக்காரரிடம் யாரும் போட்டிக்கு வர முடியாது. அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அளவை வைத்துக்கொண்டு பொய்ப்பல் செய்யும் ஒரு பட்டறையில் இருபத்துமூன்று வருடமாக வேலை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்க அங்கே ஒரு தகடு உண்டு. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதில் மூன்று துண்டுகளை வெட்டி, கேமராவின் இடது விளிம்புக்கு அடியில் சொருகினார். பதினோரு சாயங்காலம் பிடித்தது. அதற்குப் பிறகு நான்கு மூலையிலும் நட்சத்திரங்கள் கடுகு மாதிரி உருண்டையாக நின்றன. அன்றைக்கு அவர் மனைவியை மாடிக்குக் கூப்பிட்டு அந்த மூலைகளைக் காட்டினார். "நடுவுல என்ன இருக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நடு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், மூலையைப் பார் என்று சிடுசிடுத்தார்.

இவ்வளவு செய்தாரே, அந்தத் தொலைநோக்கி முழுதாக இவருடையதா என்றால், அதுவும் இல்லை. பாதி மனைவியின் அண்ணனுடையது. அண்ணன்காரர் சர்வேயர். நிலத்தின் நடுவே முக்காலியை ஊன்றி, அதன்மேல் வைத்த கருவிக்குள் வலது கண்ணைக் கொடுத்து, யாருடைய வேலி யாருடைய மண்ணில் நிற்கிறது என்று சொல்லி முப்பது வருடமாகப் பல குடும்பங்களின் பேச்சுவார்த்தையை நிறுத்தியவர். தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். ஆறு வருடத்துக்கு முன்பு இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை வாங்கினார்கள். மாடியறைக் கதவில் ஒரு காலண்டர் தொங்கும். ஒரு வாரத்தில் 'மாப்ள' என்றும் அடுத்த வாரத்தில் 'மச்சான்' என்றும் சர்வேயரின் கையெழுத்தில் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைமாறும். கேமராவைக் கழற்றிச் சின்னக் கண்ணாடியை மாட்டினால் சர்வேயரின் வாரம். கண்ணாடியைக் கழற்றிப் பஞ்சு வைத்த பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் பல்லுக்காரரின் வாரம்.

"உன் படத்தைத் தப்பு சொல்லல மாப்ள" என்பார் சர்வேயர். "ஆனா அது கேமரா பாத்தது. நான் பாக்கலயே."

பல்லுக்காரர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுவார். அடுத்த வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் போட்டோவைப் பார்க்கிறவர் மாதிரி சர்வேயர் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இந்த வருடம் பல்லுக்காரர் பெரிய காரியத்தில் இறங்கியிருந்தார். ஓரியன் என்கிற வேட்டைக்காரனை இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும், அவனைச் சுற்றியுள்ள சிவப்புப் புகை மொத்தத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுப்பது. ஒரு கட்டத்தில் அடங்காது. மேலே மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று என்று ஒன்பது கட்டம் எடுத்து ஒட்ட வேண்டும். கட்டத்துக்கு மூன்று மணி நேரம். ஆனால் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அந்த மூன்று தகடும் நகர்ந்துவிடும். மறுபடி சாய்வு எடுக்க இரண்டு சாயங்காலம் போகும். மிச்சத்தில் மேகம் பாதியைச் சாப்பிடும். இப்படி மென்று மென்று எட்டுக் கட்டம் முடித்திருந்தார். மிச்சம் நடுக் கட்டம் ஒன்றுதான். ஓரியனின் பெரிய நெபுலா, இரண்டு இறக்கை விரித்த அந்த ஒளி மேகம், அதில்தான் இருக்கிறது. ருசியானதைக் கடைசியில் சாப்பிடும் பழக்கம் அவருக்கு. இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் ஓரியன் மேற்கே இறங்கிவிடும். அப்புறம் அடுத்த வருடம்தான்.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். கைமாற வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் சின்னக் கண்ணாடியை டின்னிலிருந்து எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் சர்வேயர் வந்து டின்னைத் திறந்தார். பஞ்சு மட்டும் இருந்தது.

"போன வாரம் நீங்கதானே மச்சான் உள்ள வெச்சீங்க" என்றார் பல்லுக்காரர். "இங்கதான் எங்கயாவது விழுந்திருக்கும். நல்லா பாருங்க."

அவருக்கு அதற்குமேல் பொய் சொல்ல வராது. சர்வேயர் பஞ்சைப் புரட்டிப் பார்த்தார். "வெச்ச மாதிரிதான் ஞாபகம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து பதினான்கு நாளும் விடாமல் மேகம். சொன்ன பொய்க்கு ஒரு நட்சத்திரம்கூடத் தேறவில்லை.

பதினைந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஏங்க, அண்ணாவுக்குக் கண்ணுல ஏதோ பிரச்சினையாம்."

"என்னவாம்?"

"நேர்கோடு எல்லாம் வளைஞ்சு தெரியுதாம். மொதல்ல சர்வே கருவிதான் கெட்டுப்போச்சுன்னு ரிப்பேருக்கு அனுப்பிருக்காரு. நல்லாத்தான் இருக்குன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. மறுபடி அனுப்பிருக்காரு. அப்புறம் பாத்ரூம் டைல்ஸ் வளைஞ்சு தெரிஞ்சிருக்கு. கட்டினவன் சரியில்லன்னு அவனுக்கு போன் போட்டுச் சண்டை."

பல்லுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"வலது கண்ணுல நடுவுல பார்வை போயிட்டு இருக்காம். வெள்ளிக்கிழமை கண்ணுக்குள்ள ஊசி போடறாங்க."

"கண்ணுக்குள்ளயா?"

"கண்ணுக்குள்ளதான். போனது திரும்ப வருமான்னு தெரியாதாம், மிச்சத்த நிறுத்திடலாமாம். எதுக்குத் திடீர்னு டாக்டர்ட்ட போகத் தோணுச்சுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு." ஒரு சட்டையை உதறினாள். "ஊசிக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அந்தக் கண்ணால ஓரியனைப் பாத்துடணும்னு சொன்னாரு. கண்ணாடி கெடச்சுதான்னு கேக்கச் சொன்னாரு. நீங்க தேடினீங்களா?"

"தேடறேன்" என்றார் பல்லுக்காரர்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் பட்டறைக்குப் போய் ஸ்டூலைப் போட்டு ஏறினார். பல் அச்சு வார்க்கும் மாவு மூட்டைகளை ஒட்டி, மேல் ஷெல்ஃபில், ஸ்பாஞ்ச் வைத்த ஒரு பல் டப்பாவுக்குள் கண்ணாடியை வைத்திருந்தார். நம்பர் இல்லாத டப்பாவை அங்கே எல்லாரும் திறந்து பார்ப்பார்கள். நம்பர் எழுதிய டப்பாவை அது யாருடைய வேலையோ அவரைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். அதனால் மேலே 417 என்று எழுதி வைத்தார். மாதம் பிறந்தால் நம்பர் ஒன்றிலிருந்து தொடங்கும். எந்த மாதமும் முந்நூறைத் தாண்டியதில்லை. இவ்வளவும் யோசித்துத்தான் செய்தார். இப்போது அந்த இடத்தில் டப்பா அளவுக்குத் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

பார்சல் அக்காவிடம் போனார். முடிந்த பற்களைக் கட்டி டாக்டர்களுக்கு அனுப்புகிறவர் அவர். பத்தொன்பது வருடத்தில் ஒரு தப்பு செய்ததில்லை. இப்போதும் செய்யவில்லை.

"நானூத்திப் பதினேழா? சனிக்கிழமை மத்தியானம் போயிடுச்சே" என்றார் அக்கா. "இந்த மாசம் ஊர்ல ஒருத்தருக்கும் பல்லு நிக்கல போல. நம்பர் எங்கயோ போயிட்டு இருக்கு. சனிக்கிழமை காலைல நானூத்திப் பதினேழு வேலையா வந்துச்சு. எழுதிட்டு நிமிந்து பாத்தா, மேல டப்பா ரெடியா இருக்கு."

"வேலை காலைல வந்துச்சு, மத்தியானம் எப்படிக்கா ரெடியாகும்?"

"அதான் நானும் நெனச்சேன். வரதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சிருக்காரு, எப்பேர்ப்பட்ட மனுஷன்னு." அக்கா முகத்தில் கேலியே இல்லை. "நம்பர் போட்ட டப்பா ஷெல்ஃப்ல தங்கக் கூடாது. அது ரூல்."

417 வேலையை அனுப்பிய பல் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் ரொம்பச் சந்தோஷமாகப் பேசினார். பல்லுக்கு முன்னால் கண்ணாடியை அனுப்பியது நல்ல யோசனை என்றார். அந்தப் பல்லுக்குக் காத்திருக்கும் அம்மாள் அதில் முகம் பார்த்துவிட்டு, இது இலவசமா என்று கேட்டதாகவும், தான் ஆமாம் என்று சொல்லிவிட்டதாகவும், அவர் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். பல்லுக்காரர் கெஞ்சினார். அரை மணி நேரம் கழித்து டாக்டர் பதில் சொன்னார். பல் வந்தால் கண்ணாடி வரும், பல் வராமல் எதுவும் வராது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம்.

அந்த அம்மாளுக்கு மெழுகில் பல் அடுக்கி, வாயில் வைத்துப் பார்த்தாயிற்று. இறுதி வேலைதான் பாக்கி. ஆனாலும் அது ஐந்து நாள் வேலை. பல்லுக்காரர் இரண்டு நாளில் முடித்தார். மத்தியானச் சாப்பாட்டை மறந்தார், பக்கத்து மேஜைக்காரரின் பாலிஷ் சக்கரத்தைக் கேட்காமல் எடுத்துச் சண்டை வாங்கினார். புதன்கிழமை சாயங்காலம் டப்பாவைத் தானே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனார்.

அந்த அம்மாள் கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டர் பல்லை மாட்டினார். அம்மாள் கடித்தார், வாயை மூடினார், லேசாகச் சிரித்துப் பார்த்தார். இருபத்துமூன்று வருடத்தில் பல்லுக்காரர் தான் செய்த பல்லை மாவு அச்சுக்கு வெளியே பார்ப்பது அதுதான் முதல் முறை. ஒரு முகத்தோடு சேர்ந்து அது சிரித்தது. அவருக்கு என்னவோ போலிருந்தது.

"நல்லா இருக்கு" என்றார் அம்மாள். கைப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். கொடுக்கவில்லை. "இது என்ன கண்ணாடி? மூஞ்சி சின்னதாத் தெரியுது. சுருக்கம் ஒண்ணுகூடத் தெரியல. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"தொலைநோக்கிக் கண்ணாடிம்மா."

"அது எப்படிப் பல் டப்பாக்குள்ள வந்துச்சு?"

"தவறுதலா..."

"முப்பத்தஞ்சு வருஷம் வாக்குமூலம் டைப் அடிச்சவ நான். தவறுதலான்னு ஆரம்பிக்கறவங்க எல்லாரும் நாலாவது கேள்விக்குள்ள மாத்திச் சொல்லிடுவாங்க. ரெண்டு கேட்டுட்டேன். மூணாவது, அந்த டப்பா மேல நம்பர் எழுதினது யாரு?"

பல்லுக்காரர் மூன்றாவதிலேயே விழுந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கையுறையைக் கழற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன செய்யப்போறீங்க?" என்றார் அம்மாள்.

"கண்ணாடியை அலமாரிக்குப் பின்னாடி வெச்சிட்டு, அங்கதான் கெடந்துச்சுன்னு சொல்லிடலாம்னு..."

"கண்ணு தெரியாதவர்ட்ட" என்றார் அம்மாள். பொட்டலத்தைக் கொடுத்தார். "தினமும் துண்டால நல்லாத் தேச்சு வெச்சிருந்தேன்" என்றும் சொன்னார்.

பல்லுக்காரர் பிரித்துப் பார்த்தார். மூச்சுக்காற்றுகூடப் படாமல் ஆறு வருடம் பாதுகாத்த கண்ணாடியின் மேல் வட்ட வட்டமாகக் கீறல். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். மனைவி உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

வியாழக்கிழமை வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அப்படி ஒரு இருட்டு அந்த வருடம் முழுக்க வாய்க்கவில்லை. சர்வேயர் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பல்லுக்காரர் ஏழு மணிக்கே மாடிக்கு ஏறிவிட்டார். சட்டைப் பையில் கண்ணாடி. எதிரே, சாய்வெல்லாம் சரிசெய்து, நடுக் கட்டத்தை நோக்கித் தயாராக நிற்கும் குழாய். மூன்று மணி நேரம் இப்படியே விட்டால் ஒன்பதும் முடிந்துவிடும். கண்ணாடி வேறு அளவு, பொருந்தவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னால் அந்த மனிதர் நம்பிவிடுவார். நாளைக்கு ஊசி. ஒரு கை கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு கை லேப்டாப்பில் பட்டனை அழுத்திவிட்டது. ஒரு நிமிடத்தில் படம் வந்தது. இறக்கை விரித்த மேகம், நடுவே தீக்கங்கு போல் நான்கு நட்சத்திரம். அவருக்கு அழுகை முட்டியது, அழகுக்காகவா தன் புத்திக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தப் படத்தைச் சேமிக்காமல் அழித்தார். இரண்டாவது படம் எடுக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சர்வேயர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு ஏறி வந்தார். அவர் எதையும் தடவி இவர் பார்த்ததே இல்லை.

"கண்ணாடி கெடச்சுடுச்சுன்னு தங்கச்சி சொன்னா. எங்க இருந்துச்சு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் தானே சொன்னார். "அலமாரிக்குப் பின்னாடியா?"

பல்லுக்காரர் சொல்ல வைத்திருந்த பொய்யை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"அங்க நான் பாத்தேனே மாப்ள. நீ வேலைக்குப் போனப்புறம் மூணு மத்தியானம் வந்தேன். முட்டி போட்டு, தரையெல்லாம் கையால தடவித் தடவித் தேடினேன். நீ நல்லா பாருன்னு சொன்னல்ல. எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன். மூணாவது நாள்தான் ஒத்துக்கிட்டேன், கோளாறு கருவில இல்ல, டைல்ஸ்ல இல்ல, நம்ம கண்ணுலதான்னு. அன்னிக்கே டாக்டர்ட்ட போயிட்டேன். தங்கச்சிட்ட சொல்லல, வெக்கமா இருந்துச்சு."

முட்டி போட்டுத் தரையைத் தடவும் அந்த மனிதரைப் பல்லுக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அது அங்க இல்ல மச்சான்" என்றார். "நான் எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன். அந்த ஒரு கட்டத்துக்காக."

சர்வேயர் இவர் பக்கம் திரும்பினார்.

"எங்க?"

"பல் டப்பாவுல. பட்டறையில."

சர்வேயர் யோசித்தார். எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்குமுன் அவர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை இப்போதும் எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான் தேடினப்ப அது இங்க இல்லவே இல்ல."

"இல்ல மச்சான்."

"அப்ப நான் நெனச்ச அளவுக்கு என் கண்ணு மோசம் இல்ல."

"இல்ல மச்சான்."

"நல்லது. ஆனா நான் டாக்டர்ட்ட போனது உன்னால இல்ல, அதை உன் கணக்குல எழுதிக்காத." சர்வேயர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ன ஒரு அறை அறையணும்னு இருக்கு. ஊசி முடியட்டும். இப்ப அறைஞ்சா குறி தப்பும்."

சர்வேயரின் பார்வை லேப்டாப் பக்கம் போயிற்று. எட்டுக் கட்டமும் ஒட்டிய படம் அதில் இருந்தது. சுற்றிலும் சிவப்புப் புகையும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களும். நடுவில் ஒரு கறுப்புச் சதுரம்.

"இது என்ன, ஓட்டை?"

"அதான் பாக்கி."

சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். இவருடைய படத்தை அவ்வளவு நேரம் அவர் பார்த்ததே கிடையாது.

"இதான் மாப்ள" என்றார். "எனக்கு வலது கண்ணுல எல்லாம் இப்படித்தான் தெரியுது. சுத்தி இருக்கறதெல்லாம் இருக்கும். நான் எதைப் பாக்கறனோ, அது மட்டும் இருக்காது. நேத்து உன் தங்கச்சி முன்னாடி நின்னா," அது சர்வேயரின் மனைவி, "காது தெரியுது, கம்மல் தெரியுது. மூஞ்சியக் காணோம்."

நடு எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் என்று சொன்னவர் பல்லுக்காரர். அவர் எழுந்து போய்க் கேமராவைக் கழற்ற ஆரம்பித்தார். விளக்கைப் போடச் சொல்லி, ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். மூன்று தகடும் நழுவின. இரண்டைப் பிடித்தார். ஒன்று காற்றில் பறந்து அடுத்த மாடிக்குப் போயிற்று. தேடப் போகவில்லை. கீறல் விழுந்த கண்ணாடியைப் பொருத்தி, பின்பக்கம் கண் வைக்கும் லென்ஸை மாட்டி, விளக்கை அணைத்தார். சர்வேயர் இடது கண்ணால் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே "கொஞ்சம் மேல, இன்னும் ஒரு நூல், போதும்" என்று சொல்லச் சொல்ல, இவர் முன்னால் நின்று திருகினார். இரண்டு பேருக்கும் அது ஆறு வருடப் பழக்கம்.

பிறகு குழாயை ஓரியனுக்குத் திருப்பினார்கள்.

"இடது கண்ணால பாருங்க மச்சான், நல்லாத் தெரியும்."

"தெரியும். ஆனா முப்பது வருஷம் சோறு போட்டது வலது கண்ணு." சர்வேயர் குனிந்து வலது கண்ணைக் கொடுத்தார். "மேகம் வந்துடுச்சா?" என்றார்.

பல்லுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. "இல்ல மச்சான்" என்றார்.

மங்கலானதை நேராகப் பார்த்தால் தெரியாது, அதன் பக்கத்தில் வேறு எதையோ பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணை வைத்துப் பழகிய எல்லாருக்கும் இது தெரியும். சர்வேயர் ஆறு வருடமாக அப்படித்தான் பார்த்திருக்கிறார். பழக்கதோஷத்தில் அவர் பார்வையை ஓரத்துக்குத் தள்ளினார்.

"இரு இரு" என்றார். "இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு ரெக்கையும் இருக்கு. நேராப் பாத்தா ஓடிப்போகுது. அந்தப் பக்கம் பாத்தா வந்து உக்காருது." குனிந்தபடியே சிரித்தார். "இத மட்டும் எப்பவுமே இப்படித்தானே பாத்தோம் மாப்ள. இதுக்கு நடுப் பார்வை வேண்டவே வேண்டாம்."

பல்லுக்காரர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். ஓரியன் எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும்வரை சர்வேயர் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் ஒரு முறை, "நீ பாக்கறியா?" என்று கேட்டார். வேண்டாம், நீங்களே பாருங்கள் என்றார் இவர். நல்லவேளை என்று சொல்லி அவரும் மறுபடி குனிந்துகொண்டார்.

ஊசி நல்லபடியாக முடிந்தது. இன்னும் இரண்டு ஊசி இருக்கிறது. பாத்ரூம் டைல்ஸ் கொஞ்சம் நிமிர்ந்திருப்பதாகச் சர்வேயர் சொல்கிறார். அறையை இன்னும் கொடுக்கவில்லை. மூன்றாவது ஊசிக்குத் தள்ளி வைத்திருக்கிறாராம். பல்லுக்காரர் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறார்.

படத்தை அச்சடித்துத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று சர்வேயர் கேட்டார். அடுத்த வருடம் நடுக் கட்டத்தையும் எடுத்து முழுசாகவே தருகிறேன் என்றார் பல்லுக்காரர். இப்படியே வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். கதவைத் திறந்தால் எதிரே தெரிகிற மாதிரி மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், சுற்றிலும் உள்ள சிவப்பையும் நட்சத்திரங்களையும் மெச்சுகிறார்கள், பிறகு தவறாமல் நடுவில் விரல் வைத்து, இங்கே ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்கிறார்கள். பல்லுக்காரர் அங்கே இருந்தால் வாயைத் திறப்பதில்லை.

"அத நான் பாத்துட்டேன்" என்கிறார் சர்வேயர்.